ஆணியில் தொங்கிய பச்சை வளையம்

மின்சார அலுவலகத்தில் முப்பது வருடம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவன் நான். ஒரு வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் சுவரில் மாட்டிய படங்களைப் பார்ப்பார்கள். நான் காதைத் தீட்டிக்கொள்வேன். மாடியில் விசிறி ஓடும் சத்தம் கேட்கும். கீழே மீட்டர் அசையாமல் நிற்கும். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே மோர் கொண்டுவந்து நீட்டுவார். வாங்கிக் குடித்துக்கொண்டே, இந்த மோர் இவ்வளவு ஜில்லென்று இருக்கிறதே, இந்த வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது என்று யோசிப்பேன்.

ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. மீட்டர் பார்ப்பது நின்றுவிட்டது, சந்தேகம் நிற்கவில்லை. பால் பாக்கெட்டைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டுத்தான் உள்ளே கொண்டுபோவேன். மகள் போனில் "நல்லா இருக்கேன்ப்பா, நல்லா இருக்கேன்" என்றால், ஏன் இரண்டு தடவை சொன்னாள் என்று மனைவியைக் கேட்பேன். மனைவி பதில் சொல்லாமல் எழுந்து போய்விடுவாள். அதற்கும் ஏன் என்று யோசிப்பேன்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் குணத்தால், எங்கள் வீட்டில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பிழைப்பையும் பெயரையும் ஒரே காலையில் கெடுத்தேன். அதற்கு நான் சாட்சியாக வைத்துக்கொண்டது ஒரு டார்ச் லைட்டை.

எங்கள் வீடு கோட்டையூரில் இருக்கிறது. என் அப்பா விவசாயி. ஊரில் உள்ள பெரிய வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு, அதே அமைப்பில் சின்னதாக ஒன்று கட்டினார். பெரிய வீட்டில் இருந்த வெளிச்சத்தை மட்டும் அவரால் கட்ட முடியவில்லை. முற்றத்தை ஒட்டிய உள் அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. அதில் கடைசி அறை பாத்திர அறை. மனைவி கொண்டுவந்த அண்டா, தவலை, குத்துவிளக்கு, வெள்ளிச் சாமான் வைத்த இரும்புப் பெட்டி எல்லாம் அங்கேதான். பட்டப்பகலில் கதவைச் சாத்தினால் உங்கள் கை உங்களுக்கே தெரியாது. சுவரில் ஓதம் ஏறி வயரிங் கெட்டு, அந்த அறையின் பல்பு எரியாமல் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. நாளைக்குச் சரிசெய்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அதற்குப் பதிலாகக் கதவை ஒட்டி உள்பக்கச் சுவரில் ஓர் ஆணி அடித்து, மஞ்சள் நிற டார்ச் ஒன்றை மாட்டிவைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் மழை. கரண்ட் போய்விட்டது. டார்ச்சைத் தேடி அந்த அறைக்குள் கையை விட்டவன், ஆணிக்குப் பதிலாகக் குத்துவிளக்கைத் தட்டிவிட்டேன். அது நேராக என் கால் பெருவிரலில் விழுந்தது. நகம் கறுத்துப்போய் ஒரு வாரம் நொண்டினேன். இருட்டில் வெளிச்சம் தரவேண்டிய பொருளே இருட்டில் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் என்ன பிரயோஜனம் என்று எனக்குக் கோபமான கோபம்.

போனில் தேடி, ஒளிரும் பொடி ஒரு பொட்டலம் வரவழைத்தேன். பழைய கைக்கடிகார முள்ளில் பச்சையாக மின்னுமே, அந்த மாதிரிப் பொடி. இருப்பதிலேயே மலிவான சரக்கு. டார்ச்சின் முன்பக்கக் கண்ணாடியைத் திருகிக் கழற்றினேன். மகள் விட்டுப்போன நிறமில்லாத நகப்பூச்சில் பொடியைக் குழைத்து, பல்பைச் சுற்றி உள்விளிம்பில் ஒரு வளையமாகப் பூசினேன். முதல் பூச்சு சரியாகத் தெரியவில்லை. அடியில் வெள்ளை பெயின்ட் அடித்து, அதன் மேல் மூன்று பூச்சு பூசி, இரண்டு நாள் விசிறிக்கு அடியில் காயவைத்துக் கண்ணாடியைப் பசை போட்டு மூடினேன்.

"முப்பது வருசம் ஊருக்கெல்லாம் கரண்டு பாத்தீக. நம்ம வீட்டுல ஒரு பல்பு மாட்ட நேரமில்ல. இப்ப நெயில் பாலிஷ் பூசிக்கிட்டு உக்காந்திருக்கீக" என்றாள் மனைவி.

அவளையும் மானகிரிக்காரியையும் பாத்திர அறைக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். மானகிரிக்காரி என்பது எங்கள் வீட்டில் வேலைக்கு வருகிறவள். மானகிரியிலிருந்து டவுன் பஸ் மாறி வருவாள். கணவன் இல்லை. எங்கள் வீட்டையும் அடுத்த தெருவில் இன்னொரு வீட்டையும் வைத்துத்தான் அவள் குடும்பம் ஓடியது. என்னை அண்ணே என்பாள், மனைவியை அக்கா என்பாள். கதவைச் சாத்தி, டார்ச்சை எரியவிட்டு அணைத்தேன். இருட்டில் ஒரு பச்சை வளையம் மட்டும் நின்றது.

"அண்ணே, மிச்சப் பொடி இருந்தா ரோட்டுல படுத்துக் கெடக்குற மாடுகளுக்குக் கொம்புல பூசி விடுங்கண்ணே. வண்டிக்காரவுகளுக்காவது தெரியும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். அவளோடு நான் கடைசியாகச் சிரித்தது அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

என் வேலையில் ஒரு ஓட்டை இருந்தது. அந்தப் பொடி வெளிச்சத்தைக் குடித்தால்தான் ஒளிரும். டார்ச்சை எரியவிட்டு அணைத்தால் பத்து நிமிடம் பளிச்சென்று இருக்கும், பிறகு மங்கும், ஒரு மணி நேரத்தில் செத்துப்போகும். இருட்டு அறையிலேயே தொங்கும் டார்ச்சில் அது எப்படி ஒளிரும்? தோற்றுவிட்டேன் என்று மனைவியிடம் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு, யாருக்கும் தெரியாமல், டார்ச்சை ஒரு நிமிடம் எரியவிட்டு மாட்டிவைத்தேன். கரண்ட் போவதானால் அந்த நேரத்தில்தான் போகும் என்று ஒரு கணக்கு.

காலை பத்தரைக்கு நான் டீக்கடைக்குப் போவேன். பேப்பர் பார்த்து, நாலு பேரோடு பேசி, பதினொன்றரைக்குத் திரும்புவேன். ஒரு நாள் கடைக்காரர் வீட்டில் ஏதோ விசேஷம், கடை பூட்டியிருந்தது. சீக்கிரமே திரும்பிவிட்டேன். துணிப்பை ஒன்று தேவைப்பட்டு, பாத்திர அறைக் கதவைத் திறந்தேன்.

ஆணியில் பச்சை வளையம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

முந்தின நாள் ஆறு மணிக்கு நான் ஏற்றிய வெளிச்சம் ராத்திரியே செத்திருக்க வேண்டும். அப்படியானால் யாரோ இப்போதுதான், பத்து நிமிடத்துக்குள்தான், இதை எடுத்து எரியவிட்டிருக்கிறார்கள். எனக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. விசிறி ஓடுகிறது, மீட்டர் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கும் அந்தப் பழைய சந்தோஷம். ஆமாம், சந்தோஷம்தான். வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்.

அடுப்படியில் இருந்த மனைவியைக் கேட்டேன். "நான் எதுக்கு டார்ச்ச எடுக்கப் போறேன்?" என்றாள், தாளித்துக்கொண்டே. என் மனைவி பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. அப்படியானால் வீட்டில் மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

அன்றிலிருந்து டீக்கடையில் பாதிப் பேப்பரோடு எழுந்துவிடுவேன். பின்வாசல் வழியாக வந்து முதலில் அந்த அறையைத் திறந்து பார்ப்பேன். திங்கட்கிழமை ஒளிர்ந்தது. செவ்வாய்க்கிழமை மானகிரிக்காரி வரவில்லை, அன்று ஒளிரவில்லை. புதன், வியாழன் ஒளிர்ந்தது. அடுத்த செவ்வாய் மறுபடியும் அவள் லீவு, மறுபடியும் இருட்டு. இதற்கு மேல் என்ன வேண்டும்? இரும்புப் பெட்டியின் மூடிமேல் ஒரு கறுப்பு நூலைப் போட்டுவைத்தேன். மறுநாள் நூல் தரையில் கிடந்தது.

பெட்டியைத் திறந்து வெள்ளிச் சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். மகளுக்கு அடுத்த மாதம் எங்கள் வீட்டில் வளைகாப்பு. அதற்கு வேண்டிய சந்தனக் கிண்ணம், பன்னீர்ச் செம்பு, தட்டு எல்லாம் இருந்தன. எதுவும் குறையவில்லை. சாதாரண மனிதன் அத்தோடு நிம்மதியாகப் பெட்டியை மூடியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இன்னும் எடுக்கவில்லை, நோட்டம் பார்க்கிறாள் என்று.

ஒரு வெள்ளிக்கிழமை காலை. மானகிரிக்காரி பின்கட்டில் குழாயடியில் உட்கார்ந்து, வளைகாப்புக்காக எடுத்துப் போட்ட பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அடுப்படி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, பாத்திர ரூம்புல டார்ச்ச எடுக்குறது நீயா?" என்று கேட்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு என் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் கவனித்தேன். தப்பிக்க வழி தேடுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஆமாண்ணே. நாந்தான் எடுத்தேன்."

"எதுக்கு?"

"சும்மாதாண்ணே."

"சும்மா எடுத்துப் பெட்டியத் திறந்து பாத்தியாக்கும்?"

அவள் முகம் சிறுத்துப்போனது. "நாளையிலருந்து வர வேண்டாம்" என்றேன். பாதியில் இருந்த தவலையைத் தேய்த்து முடித்தாள். எல்லாவற்றையும் அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு போனாள். மனைவி தலையைத் தூக்காமல் கீரையை உருவிக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் இருந்ததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் டீக்கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். பொடி, வளையம், நூல் எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். "டிபார்ட்மென்ட்டு மூளை, சும்மாவா" என்றார் ஒருவர். அது எனக்கு இனித்தது.

வீட்டில் மட்டும் யாரும் பாராட்டவில்லை. மனைவி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவும் இல்லை, பேசவும் இல்லை. வேலை கூடிவிட்ட கோபம் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், நான் டார்ச்சை எரியவிட்டு மாட்டும்போது பின்னால் வந்து நின்றாள்.

"இது மின்னுறத வச்சு எப்படிக் கண்டுபுடிச்சீக?" என்று கேட்டாள்.

கேட்டாளே என்ற மகிழ்ச்சியில் ஆதியோடு அந்தமாக விளக்கினேன். எரியவிட்டால் பத்து நிமிடம் பளிச்சென்று இருக்கும், ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும், பளிச்சென்று இருந்தால் யாரோ இப்போதுதான் எடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அப்ப எப்ப எடுத்தாகன்னு தெரிஞ்சிரும்."

"தெரிஞ்சிரும்."

"யாரு எடுத்தாகன்னு?"

"அது நம்ம மூளையில இருக்கு" என்றேன். அவள் உள்ளே போனாள்.

திங்கட்கிழமை காலை பதினொன்றே காலுக்கு வீட்டுக்கு வந்தேன். வேலைக்காரி இல்லாத வீட்டில் சோதனை போட ஒன்றும் இல்லை. பழக்க தோஷத்தில் பாத்திர அறைக் கதவைத் திறந்தேன். வளையம் அதுவரை நான் பார்க்காத அளவுக்குப் பச்சையாக எரிந்தது. கதவு வழியாக வந்த வெளிச்சத்தில் இரும்புப் பெட்டிமேல் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி தெரிந்தது. எப்போதும் குளியலறையில் இருக்கும் கண்ணாடி.

கண்ணாடியைக் கையில் எடுத்தேன். பிறகு அடுப்படிக்குப் போனேன். மனைவி எனக்காகவே காத்திருந்தவள் போல நின்றாள்.

"நாந்தான்" என்றாள். "இன்னைக்கும் நாந்தான். எல்லா நாளும் நாந்தான். நீங்க பாக்கணும்னுதான் இன்னைக்கு ரொம்ப நேரம் எரியவிட்டேன்."

வாயைத் திறந்து, இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினாள். நான் டார்ச்சை எடுத்துவந்து அடித்துப் பார்த்தேன். உள்சதையில் ஒரு சுண்டைக்காய் அகலத்துக்கு வெள்ளையாகப் படர்ந்திருந்தது. அவளுடைய அக்கா வாய்ப்புண்ணில் ஆரம்பித்துத்தான் இறந்துபோனாள். கடைசி இரண்டு மாதம் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டது என் மனைவிதான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டேன்.

"ரெண்டு மாசம்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"இதுக்குத்தான்" என்றாள். அழவில்லை. "சொன்னா முதல்ல எப்பன்னு கேப்பீக, அப்புறம் ஏன் சொல்லலன்னு கேப்பீக. கேஸ் எழுதுற மாதிரி. வளைகாப்பு முடியட்டும், புள்ள மனசு கலங்கக் கூடாதுன்னு இருந்தேன். பெருசாகுதா பெருசாகுதான்னு தினம் அந்தப் பெட்டிமேல உக்காந்து பாத்துக்குவேன். அவ வராத அன்னைக்கு வேல செய்யவே நேரம் பத்தாது, பாக்க மாட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?"

"ஒரு நாள் கதவத் திறந்துட்டா. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டேன். அதான் அன்னைக்கு நாந்தான் எடுத்தேன்னு சொன்னா. நான் வாயில மண்ணப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்." அதைச் சொல்லும்போதுதான் அழுதாள்.

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முப்பது வருடம் மீட்டர் பார்த்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? எவ்வளவு கரண்ட் போனது என்று மீட்டர் சொல்லும். யாருக்கு என்ன கஷ்டத்தில் விளக்கு எரிந்தது என்று அது ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கே காரைக்குடியில் டாக்டரிடம் போனோம். சதையைக் கொஞ்சம் எடுத்து மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பினார். அந்தப் பத்து நாளும் நான் யாரையும் எதையும் சந்தேகப்படவில்லை. பயப்படத்தான் நேரம் இருந்தது. முடிவு வந்தது. கெட்டது எதுவும் இல்லை, உடைந்த கடைவாய்ப்பல் ஓயாமல் உரசியதால் வந்த தடிப்பு. பல்லின் கூரைத் தேய்த்து மழுக்கிவிட்டார், தடிப்பு மெல்லக் குறைந்தது.

முடிவு வரும்வரை காத்திருக்காமல், டாக்டரைப் பார்த்த மறுநாளே நாங்கள் இருவரும் மானகிரிக்குப் போனோம். அவள் வாசலில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து, மனைவியிடம் முதலில் கேட்டது, "வாய் எப்படிக்கா இருக்கு? ஆசுபத்திரிக்குப் போனீகளா?" என்றுதான்.

நான் கையெடுத்துக் கும்பிட்டு, "தப்பு எம்மேலதான்த்தா. மனசுல வச்சுக்காம வரணும்" என்றேன். அவள் பதறவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. அடுத்த தெரு வீட்டிலும் தன்னை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னாள். டார்ச் வைத்துப் பிடித்த கதை டீக்கடையிலிருந்து அங்கே போயிருந்தது.

அந்த வீட்டுக்குப் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். "அப்படியா, பாவமே" என்றார்கள். அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்களாம். டீக்கடையிலும் சொன்னேன். முதல் கதையைக் கேட்ட அளவுக்கு இந்தக் கதையை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. இரண்டு பேர் நடுவிலேயே பேப்பரை விரித்துக்கொண்டார்கள்.

மனைவிக்காக அவள் திரும்ப வந்தாள். மனைவி இப்போதும் அக்காதான். இருவரும் பின்கட்டில் பேசிச் சிரிப்பது எனக்குக் கேட்கும். நான் போனால் சிரிப்பு நிற்காது, ஆனால் குரல் தணியும். என்னை அவள் சார் என்று கூப்பிட ஆரம்பித்தாள். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். பன்னிரண்டு வருடம் அண்ணே என்று கேட்ட காதுக்கு அது ஒவ்வொரு தடவையும் சுருக்கென்கிறது.

வளைகாப்புக்கு முந்தின நாள் சாப்பாட்டு அண்டாக்களை எடுக்க வேண்டியிருந்தது. பாத்திர அறை வாசலில் நின்று டார்ச்சை எரியவிட்டு அவளிடம் நீட்டினேன்.

"வேணாம் சார்" என்றாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இருட்டுக்குள் போனாள். அவள் உள்ளங்கை சுவரைத் தடவிக்கொண்டே போகும் சத்தம் கேட்டது.

வளைகாப்பு நன்றாக நடந்தது. எல்லோரும் போன பிறகு, ஒரு காலையில் அந்த அறைக்குப் புது வயர் இழுத்தேன். இத்தனை வருடம் தள்ளிப்போட்ட வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கதவுக்கு வெளியே சுவிட்ச், உள்ளே நல்ல வெள்ளை பல்பு. டார்ச்சை ஆணியிலிருந்து எடுத்து அலமாரியில் போட்டுவிட்டேன்.

மனைவி போகும்போது விளக்கைப் போடுகிறாள். மானகிரிக்காரி போடுவதில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல், "லைட்டப் போட்டுக்கத்தா, கால்ல எதுவும் விழுந்திரப் போகுது" என்றேன்.

"எனக்கு வழி தெரியும் சார்" என்றாள்.

உள்ளே போய், கேட்ட பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவாள். நான் கூடத்தில் உட்கார்ந்திருந்தால், உள்ளே ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்படி, பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடியே என்னைக் கடந்து போகிறாள்.